அம்மாவுக்காக சாஃப்ட் ஸ்பிரிங் போடப் போய் 42,500 ரூபாயைத் தொலைத்த கதை – லோயர் பண்ணின கார் வைத்திருப்பவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

இன்றைக்குச் சாயங்காலம்தான் விஷயம் முழுசாகத் தெரிந்தது. கையில் கிரீஸ் வாசனை போகவில்லை, அப்படியே உட்கார்ந்து எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 42,500 ரூபாய். லோயர் பண்ணின வண்டிக்கு எந்த ஸ்பிரிங், எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன். முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன்.

என்னுடையது போலோ டீசல், செகண்ட் ஹேண்ட். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் காயிலோவர் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்து, உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி வருகிற செட்) போட்டு இறக்கி வைத்திருந்தார். முன்னால் எட்டு கிலோ ஸ்பிரிங். தெரியாதவர்களுக்கு: ஒரு மில்லிமீட்டர் அமுங்க எட்டு கிலோ எடை கேட்டால் அது எட்டு கிலோ ஸ்பிரிங். நின்றால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஓடினால்தான் வினை. வேகத்தடைக்கு என்று இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் ஒரு அளவு வைத்திருக்கிறது, 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். கோயம்புத்தூரில் எங்கள் வீதியில் இருப்பது, யாரோ வீடு கட்டி மிஞ்சின கான்கிரீட்டைக் குறுக்கே கொட்டிவிட்டுப் போனது.

அம்மாவுக்கு இடுப்பு வலி. மாதம் ஒருமுறை பழனி போகாமல் இருக்க முடியாது. ஒரே ஒரு தடவை என் காரில் உடுமலை வரைக்கும் வந்தார். இறங்கி நின்று சொன்னது: “உன்ற வண்டீல வந்தா முருகனப் பாக்கறக்குள்ள எனக்கு இடுப்பு கழண்டு போயிரும் கண்ணு. நான் பஸ்லயே போய்க்கறேன்.”

வண்டியை மறுபடி ஏற்றவும் மனசில்லை, அம்மாவும் உட்கார வேண்டும். அப்படியானால் ஸ்பிரிங்கை மட்டும் சாஃப்டாக மாற்றிவிடலாம் என்று தோன்றியது. அங்கேதான் என் புத்தி மட்டுப்பட்டது.

போன இடம் ஒரு மாடிஃபிகேஷன் கடை. வீடியோ எல்லாம் போடுகிறவர்கள். பெயர் கேட்டு இன்பாக்ஸுக்கு வராதீர்கள், சொல்ல மாட்டேன். நான் போனபோது ஓனர் காசைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. டீ சொன்னார். வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஃபெண்டரில், அதாவது வீலுக்கு மேலே இருக்கிற தகட்டில், உள்ளங்கையை வைத்து இரண்டு தடவை அமுக்கினார், டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்ப்பதுபோல. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், இருந்தும் வாய் நிறைய அண்ணாதான்.

“கல்லாட்டம் இருக்குதுங்ண்ணா. அம்மாவுக்கு வயசென்ன?”

“அறுபத்தி நாலுங்க.”

“எங்கம்மாவுக்கும் டிஸ்க் பிரச்சனதானுங்ண்ணா. முன்னாடி நாலு கிலோ போட்டர்லாம், பின்னாடியும் மாத்தீர்லாம். காசு கெடக்குதுங்க. வேல முடிஞ்சதும் அம்மாவக் கூட்டிட்டு வாங்க, முன் சீட்ல உக்கார வச்சு நானே ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டறேன். அவங்க நல்லாருக்குன்னு சொன்னாத்தான் மிச்சம் குடுக்கோணும்.”

இதில்தான் விழுந்தேன். அவருடைய அம்மாவையும் என் அம்மாவையும் ஒரே பேச்சில் உட்கார வைத்துவிட்டார். அந்த மனிதர் என்னிடம் வண்டியில் எத்தனை பேர் போவீர்கள் என்று கேட்கவில்லை. வீல் சைஸ் கேட்கவில்லை. ஷாக்கில் அமுங்க இன்னும் எத்தனை மில்லிமீட்டர் பாக்கி இருக்கிறது என்று குனிந்து பார்க்கவில்லை. இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அப்போது டீ நன்றாக இருந்தது.

ஸ்பிரிங் நான்குக்கு 36,000, மாட்டும் கூலியும் அலைன்மெண்டும் சேர்த்து 6,500. ஆக 42,500. பில் கேட்டதற்கு, “பில் போட்டா ஜிஎஸ்டி சேருமுங்ண்ணா, உங்களுக்கெதுக்கு அந்தச் செலவு” என்றார். ஏதோ எனக்காக உருகுகிற மாதிரி. ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார், கையெழுத்துகூட இல்லை. அட்வான்ஸ் 25,000 ஜிபே பண்ணினேன். கடைப் பெயர் வரவில்லை, வேறு யாரோ பெயர் வந்தது. “மச்சான் நம்பருங்ண்ணா” என்றார். சரி மச்சான் என்று அனுப்பிவிட்டேன்.

மூன்று நாள் என்றது பதினோரு நாள் ஆனது. எடுக்கப் போன அன்று ஓனர் இல்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று போனில் கேட்டதற்கு, “இன்னொரு நாளைக்கு ஓட்டிக்கலாமுங்ண்ணா, பையன்கிட்ட குடுத்துட்டு எடுத்துக்கங்க” என்றார். வீல் சந்து வழியாக எட்டிப் பார்த்தேன். பளபளவென்று சிவப்பு ஸ்பிரிங், அதன்மேல் வெள்ளை எழுத்தில் ‘4கே’, அதாவது நாலு கிலோ. மிச்சம் 17,500-ஐ எண்ணிக் கொடுத்தேன். ஏன் ஓட்டிப் பார்க்காமல் கொடுத்தாய் என்று வீட்டில் நாலு நாளாகக் கேட்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை. சிவப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

முதல் வேகத்தடையிலேயே முன்னால் ‘டம்’. பின்னால், இதுவரை கேட்காத ஒரு ‘டொக்’.

அன்றைக்கு ராத்திரியே கூப்பிட்டேன். புது ஸ்பிரிங், செட் ஆகணும், ஐந்நூறு கிலோமீட்டர் ஓடட்டும் என்றார். அம்மாவை ஏற்றாமல் நான் மட்டும் பொள்ளாச்சிக்கும் வீட்டுக்குமாக டீசலை எரித்தேன். ஐந்நூறும் முடிந்தது. டயரில் காற்று அதிகம் என்றார். குறைத்தேன். அலாய் வீல் கனம் என்றார். அடுத்து “ரோடு அப்படீங்ண்ணா, கார்ப்பரேஷன்ல போய்க் கேளுங்க.” அதற்கப்புறம் போனைப் பையன்தான் எடுத்தான். ஓனர் சாப்பிடுகிறார், ஓனர் சென்னை போய்விட்டார், ஓனர் கஸ்டமரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். நான் யாருடா அப்போ? வாட்ஸ்அப்பில் ‘டொக்’ சத்தத்தை ரெக்கார்ட் பண்ணி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. அவ்வளவுதான் பதில்.

இன்றைக்கு மத்தியானம் சிங்காநல்லூர் பக்கம் ஒரு பழைய மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ரேஸ் வண்டிகளில் கை வைத்தவர், அதிகம் பேச மாட்டார். ஜாக்கி போட்டுத் தூக்கி முன் வீலைக் கழற்றினார். லைட் அடித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “தம்பி, இங்க பாரு.”

காயிலோவரில் ஸ்பிரிங் உட்காரும் காலர் இருக்கிறதே, அதற்குக் கீழே மரையில் பழைய சேறு காய்ந்து இறுகியிருந்தது. ஒரு கீறல் இல்லை. காலரைத் திருகி உயரத்தை மாற்றுகிற சி-ஸ்பேனர் பட்ட அடையாளமே இல்லை.

“காலர ஒரு மரை கூடத் திருப்பல. வண்டி ஒசரம் மாறுச்சா?”

“இல்லீங்க.”

“அப்பறம் எப்படி நாலு கிலோ?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சின்னக் கணக்கு. போலோ டீசலுக்கு முன்பக்கம் ஒரு மூலையில் ஸ்பிரிங் தாங்குகிற எடை சுமார் 320 கிலோ. எட்டு கிலோ ஸ்பிரிங் அதற்கு 40 மில்லிமீட்டர் அமுங்கும். நாலு கிலோ என்றால் 80. அதே நீள ஸ்பிரிங்கை, காலரைத் தொடாமல், நாலு கிலோவில் மாட்டியிருந்தால் என் வண்டி மூக்கு கிட்டத்தட்ட நாலு சென்டிமீட்டர் கீழே போய் ஃபெண்டர் டயரைத் தின்றிருக்க வேண்டும். ஒரு துளிகூட இறங்கவில்லை. ஒரு ஸ்கேலை வைத்து அளந்திருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருக்கலாம்.

ஸ்பிரிங்கைக் கழற்றி வெர்னியர் வைத்தார். கம்பித் தடிமன் 11 மில்லிமீட்டர். 62 உள்விட்டம், வேலை செய்கிற சுற்று ஐந்து. இந்த அளவில் நாலு கிலோ வேண்டுமென்றால் ஒன்பதேகால் மில்லிமீட்டர் கம்பி போதும். ஒன்றேமுக்கால்தானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். கம்பித் தடிமன் கணக்கில் நாலாம் அடுக்காக வருகிறது, கொஞ்சம் தடித்தாலும் கடினம் எகிறிவிடும்.

மனசு கேட்கவில்லை. பாலிடெக்னிக் லேபில் இருக்கும் நண்பனிடம் ஓடினேன், அங்கே ஸ்பிரிங் டெஸ்டிங் மெஷின் உண்டு. 100 கிலோ ஏற்றினான், 13 மில்லிமீட்டர் அமுங்கியது. 200 கிலோவுக்கு 26. நாலு கிலோவாக இருந்தால் 25-ம் 50-ம் வந்திருக்க வேண்டும். வந்தது ஏழேமுக்காலுக்குக் கொஞ்சம் கம்மி. நுனியில் சிவப்புப் பெயிண்டைச் சாவியால் சுரண்டினேன். உள்ளே நீலம். வண்டி வாங்கும்போது எடுத்த போட்டோவைத் தேடிப் பார்த்தேன், அதிலும் நீலந்தான். என் ஸ்பிரிங்கையே எனக்குப் பெயிண்ட் அடித்து விற்றார்களா என்று நிரூபிக்க முடியாது. பழசை எக்ஸ்சேஞ்ச் என்று சொல்லி அன்றைக்கே எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

பின்பக்கம்தான் இன்னும் கேவலம். போலோவில் பின்னால் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. அங்கே போட்டிருந்தது ஏதோ வண்டியின் கம்பெனி ஸ்பிரிங், ஒரு சுற்று கிரைண்டரில் அறுத்தது. அறுத்த முனை சூட்டில் நீலம் பாய்ந்து, பிசிறோடு நிற்கிறது. அறுத்தால் சாஃப்ட் ஆகும் என்று பாதிப் பேர் நம்புகிறார்கள். நேர் எதிர். சுற்று குறைந்தால் கடினம் கூடும், உயரம் மட்டும்தான் குறையும். முனை மட்டமாக இல்லாததால் ரப்பர் சீட்டில் உட்காரவும் இல்லை. வண்டியைத் தூக்கினபோது அதைக் கையால் பிடித்து ஆட்ட முடிந்தது. அதுதான் அந்த ‘டொக்’. நூறில் போகும்போது ஒரு மேட்டில் எகிறியிருந்தால்? இதற்கு 42,500.

அங்கிருந்தே வேறு போனில் கூப்பிட்டேன், எடுத்துவிட்டார். அளவெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் மௌனம். அப்புறம் ‘ண்ணா’ போய்விட்டது. “நீங்க எங்க வேணும்னாலும் போய்க்கங்க. ஆர்டிஓகிட்டப் போனா மொதல்ல உங்க வண்டிதான் மாட்டும், தெரியுமில்ல?” கட்.

அவர் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது, அதுதான் எரிகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. இந்தக் கடைகள் அதே பயத்தை வைத்துத்தான் நம் வாயை அடைக்கிறார்கள். ஆனாலும் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, அங்கேயும் போவேன். கையில் இருப்பது துண்டுச் சீட்டும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் மட்டும். அதிலும் மச்சான் பெயர்.

ஸ்பிரிங் பற்றி விளக்கமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், மணி பன்னிரண்டரை. மெக்கானிக் சொன்னதை மட்டும் அவசரமாக.

நிஜமாகவே நாலு கிலோ போட்டிருந்தாலும் எனக்கு வேலைக்கு ஆகியிருக்காதாம். இறக்கின வண்டியில் பம்ப் ஸ்டாப்புக்கு (ஷாக் அடிவரைக்கும் அமுங்காமல் தடுக்கிற ரப்பர்) முன்னால் மிச்சம் இருப்பதே 35 மில்லிமீட்டர். எட்டு கிலோ ஸ்பிரிங் அந்த 35-ஐ முடிக்க 280 கிலோ கேட்கும், நாலு கிலோ 140-லேயே முடிந்துவிடும், அப்புறம் ரப்பர்தான் இடிக்கும். அந்த ‘டம்’ பாதிக்கு மேல் ஸ்பிரிங் இல்லை, பம்ப் ஸ்டாப். ஷாக் தண்டில் ஒரு கேபிள் டையை இறுக்காமல் கட்டி ஓட்டிப் பாருங்கள், எதுவரை ஏறியிருக்கிறது என்று தெரியும். என் வண்டியில் கட்டினோம், தெரு முனை வரைக்கும் போய் வந்தோம், டை பம்ப் ஸ்டாப்புக்குள் போய் ஒளிந்திருந்தது. எனக்கு அவர் சொன்னது ஐந்தரை, ஆறு கிலோ, கொஞ்சம் நீளமான ஸ்பிரிங், வண்டியை ஒன்றரை சென்டிமீட்டர் ஏற்றிக்கொள். ஷாக் டேம்பிங்கையும் (ஸ்பிரிங் ஆட்டத்தை ஷாக் அடக்குகிற இறுக்கம்) அதற்கேற்ப இளக்க வேண்டும், இல்லாவிட்டால் வரிசையாகக் குழி வந்தால் எழும்பவே நேரமில்லாமல் அமுங்கிக்கொண்டே போகும்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். கழற்றின ஸ்பிரிங்கை விட்டுவிட்டு வராதீர்கள். மாட்டுவதற்கு முன்னால் கம்பித் தடிமனை அளந்து போட்டோ எடுங்கள், ஃபெண்டர் உயரத்தையும். அறுத்த ஸ்பிரிங் என்றால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். ஓட்டிப் பார்க்காமல் மிச்சக் காசு கொடுக்காதீர்கள், நான் கொடுத்தேன்.

இன்னும் நிறைய இருக்கிறது, இன்னொரு நாள். வண்டி மெக்கானிக் ஷெட்டில் ஸ்டாண்டு மேல் நிற்கிறது. காலையில் அஞ்சரைக்கு அம்மாவைப் பழனி பஸ்ஸில் ஏற்ற வேண்டும், அதுவும் பக்கத்து வீட்டு ஸ்கூட்டரில்.