தேதிக்கு வரும் உபுண்டு, தயாரானால் வரும் டெபியன்

உபுண்டு, டெபியன் இரண்டும் லினக்ஸ் இயங்குதளங்கள். உபுண்டு 20.04-க்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தது. எங்கள் அலுவலக சர்வர்களில் ஓடிக்கொண்டிருந்தது அதுதான். உபுண்டு 24.04-க்கு ஏறுவதா, டெபியனின் நிலையான பதிப்பான ஸ்டேபிளுக்கு மாறுவதா என்று பேசிப் பார்த்து, ஒரே ஒரு மெஷினைத் தவிர மற்றதையெல்லாம் டெபியனுக்கு மாற்றிவிட்டோம். ஆகவே இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

பொதுவான விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடலாம். உபுண்டுவே டெபியனிலிருந்து கிளைத்ததுதான். இரண்டிலும் மென்பொருளை நிறுவ ஆப்ட், இரண்டிலும் சேவைகளை இயக்க சிஸ்டம்டி; ஒன்றில் பழகியவருக்கு மற்றொன்றில் கை தடுமாறாது. இரண்டுக்கும் காசு கிடையாது. எங்கள் வேலைக்கு வேகத்திலும் வித்தியாசம் தெரியவில்லை.

வெளியீட்டுத் தேதிக்கு வருவோம். 2002 ஜூலையில் டெபியன் 3.0 வந்தது, அடுத்த பதிப்பு வர 2005 ஜூன் ஆகிவிட்டது. ஏறக்குறைய மூன்று வருடம். இந்தக் காத்திருப்பின் நடுவில்தான், 2004 அக்டோபரில், மார்க் ஷட்டில்வொர்த்தின் கேனானிக்கல் நிறுவனம் முதல் உபுண்டுவை வெளியிட்டது. ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று, அதில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எல்டிஎஸ், அதாவது நீண்ட கால ஆதரவுள்ள பதிப்பு. நிறுவனத்துக்கு இது ரொம்ப வசதி. சர்வர் விற்பவர், கிளவுட் நடத்துபவர், வாடிக்கையாளர் எல்லோரும் அந்தத் தேதியை நம்பித் திட்டம் போடலாம். 2006-இல் முதல் எல்டிஎஸ் மட்டும் ஏப்ரலைத் தாண்டி ஜூனுக்குப் போனது. வருடமும் மாதமும் சேர்ந்ததுதான் உபுண்டுவின் எண்; அதனால்தான் அது 6.06.

தேதியைக் காப்பாற்றினால் தரம் போய்விடும் என்று சொல்லத் தோன்றும். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 2024 மார்ச் இறுதியில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நூலகத்தில் ரகசியமாக நுழைய ஒரு பின்கதவு இருப்பது தெரியவந்தபோது, 24.04-இன் சோதனைப் பதிப்பான பீட்டாவை ஒரு வாரம் தள்ளிவைத்து, பேக்கேஜ்களை, அதாவது மென்பொருள் தொகுப்புகளை, புதிதாக பில்ட் செய்தார்கள். அப்படியும் ஏப்ரல் 25 என்ற தேதி தப்பவில்லை. ஆனால் 22.04 வைத்திருந்தவர்களுக்கு அன்றே 'மேம்படுத்திக்கொள்' என்ற அழைப்பு வந்ததா என்றால், இல்லை. அது முதல் திருத்த வெளியீடான 24.04.1 வந்த பிறகுதான். அந்த .1-ம் ஆகஸ்ட் நடுவில் வர வேண்டியது, தள்ளிப்போய் 29-ஆம் தேதி வந்தது. ஆக, உபுண்டுவிலும் 'தயாரானால் வரும்' நாள் ஒன்று இருக்கிறது, அறிவிப்பு நாளிலிருந்து நான்கு மாதம் தள்ளி. டெபியன் 13 என்ன செய்தது? 2025 மார்ச்சில் ஃப்ரீஸைத் தொடங்கி, புதிய பதிப்புகளைப் படிப்படியாக நிறுத்தி, வெளியீட்டைத் தடுக்கும் அளவு பெரிய பிழைகளைக் குறைத்துவிட்டு ஆகஸ்ட் 9-இல் வந்தது. இரண்டுமே கிட்டத்தட்ட ஒரே நேரம் எடுக்கின்றன. உபுண்டு ரிப்பனை முதலிலேயே வெட்டிவிடுகிறது, அவ்வளவுதான். எங்களைப் போல .1-க்குக் காத்திருப்பவர்களுக்குத் தேதி ஒரு பிரச்சினையே இல்லை.

எங்களை மாற வைத்தது பராமரிப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களாக உபுண்டுவில் 'ஆப்ட் அப்கிரேட்' அடித்தால், நடுவே சில பேக்கேஜ்களின் பெயரைப் போட்டு, 'ஈஎஸ்எம் ஆப்ஸ்' என்ற நீட்டித்த பாதுகாப்பு வசதியை இயக்கினால் இவற்றுக்கும் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் என்ற பாணியில் ஒரு செய்தி வரும். விளம்பரம் என்று எரிச்சல்பட்டவர்கள் நிறைய பேர். எனக்கு எரிச்சலைவிட அந்தப் பெயர்கள்தான் உறுத்தின. உபுண்டுவின் களஞ்சியத்தில் 'மெயின்' என்ற பகுதிக்குத்தான் ஐந்து வருடப் பாதுகாப்பு உறுதி. மற்றவை 'யூனிவர்ஸ்', பேக்கேஜ்களில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. வீடியோ, ஆடியோவைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக், ரெடிஸ், நோட் ஜேஎஸ் எல்லாம் யூனிவர்ஸ். எங்கள் சர்வரில் வெளியாட்கள் அனுப்பும் கோப்புகளைத் திறப்பதே எஃப்எஃப்எம்பெக்தான். ஓட்டை விழுந்தால் முதலில் அங்கேதான் விழும்.

யூனிவர்ஸுக்கு முன்பு யாரும் உறுதி தந்ததே இல்லை, தன்னார்வலர்கள் பார்த்துக்கொண்டால் உண்டு, இப்போது உபுண்டு புரோ என்ற சந்தா வழியாக (ஈஎஸ்எம் அதன் பகுதிதான்) பத்து வருடம் கிடைக்கிறதே என்பது கேனானிக்கல் தரப்பு. நியாயமான பேச்சுதான். ஐந்து மெஷின் வரை அதுவும் இலவசம். ஆனால் ஓட்டையை அடைக்கும் பேட்ச் எழுதி, பில்ட் செய்து, சோதித்து, தயாராக இருக்கிறது. புரோவுக்கான டோக்கன் இல்லாததால் என் மெஷினுக்கு வராது. அதுதான் எனக்கு ஒட்டவில்லை. சந்தா விற்க வேண்டிய நிறுவனத்துக்கு, இலவசப் பக்கம் கொஞ்சம் குறையோடு இருப்பதில் லாபம் உண்டு. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. காசு எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்க்கிறேன். வேலியை நாளைக்கு எங்கே நகர்த்துவார்கள் என்பது என் கையில் இல்லை.

டெபியனிலும் காசு இல்லாமல் இல்லை. முதல் மூன்று வருடம் அவர்களுடைய பாதுகாப்புக் குழு பார்க்கிறது. அடுத்த இரண்டு வருட எல்டிஎஸ் வேலைக்கு நிறுவனங்கள் ஃப்ரெக்சியன் என்ற நிறுவனத்தின் வழியாகப் பணம் தருகின்றன. வித்தியாசம், அந்தப் பணத்தில் உருவாகும் பேட்ச் கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் ஒரே நாளில் போய்ச் சேருகிறது. எந்த ஓட்டை இன்னும் அடைபடவில்லை என்பதையும் பொதுவில் பார்க்கலாம்.

இதனால் டெபியன் அப்பழுக்கற்றது என்று ஆகிவிடாது. ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தில் அவர்களே 2006-இல் செய்த ஒரு திருத்தம், உருவாகும் சாவிகளை ஊகிக்கக்கூடியவையாக ஆக்கிவிட்டது; 2008 மே வரை அது வெளியே தெரியவில்லை. அதை அப்படியே எடுத்துக்கொண்ட உபுண்டுவும் மாட்டியது. 2023 டிசம்பரில் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், ஈஎக்ஸ்டி4 கோப்பு அமைப்பில் உள்ள தரவைக் கெடுக்கும் பிழை இருப்பது தெரிந்து, 12.3-ஐ நிறுத்திவிட்டு மறுநாளே 12.4-ஐக் கொண்டுவந்தார்கள். சம்பளத்தை உள்ளே கொண்டுவந்தால் வேகம் கூடுமா என்றும் முயன்றிருக்கிறார்கள். 2006-இல் 'டங்க் டேங்க்' என்ற பெயரில் வெளியீட்டு மேலாளர்களுக்குப் பணம் திரட்டியபோது, சம்பளமில்லாமல் உழைத்த சிலர் மனம் விட்டுப்போய் வேலையைக் குறைத்துக்கொண்டார்கள். டிசம்பரில் வர வேண்டிய 4.0 அடுத்த ஏப்ரலில்தான் வந்தது. தாமதம் முழுவதையும் அதன் தலையில் கட்ட முடியாது. ஆனால் நிச்சயம் உதவவில்லை.

காசு கொடுத்து வாங்கும் உபுண்டு ஆதரவை நான் தொட்டதில்லை. நள்ளிரவில் போன் போட்டால் எடுப்பார்களா, எடுத்தவருக்கு விஷயம் தெரியுமா என்பதை அனுபவித்தவர்தான் சொல்ல வேண்டும். டெஸ்க்டாப்பிலும் எனக்குப் பழக்கம் குறைவு. புது லேப்டாப்புக்கு உபுண்டு எளிது என்று நண்பர்கள் சொல்வதை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. டெபியன் 12-இலிருந்து 13-க்கு எங்கள் மெஷின்கள் சிக்கலில்லாமல் ஏறின. ஆனால் அவை சாதாரண வெப், டேட்டாபேஸ் மெஷின்கள். அதை வைத்துப் பெரிதாகத் தீர்ப்பு எழுத முடியாது.

மாற்றாமல் விட்ட அந்த ஒரு மெஷினில் ஜிபியு இருக்கிறது. அதில் ஓடும் மென்பொருளை விற்றவர்கள் உபுண்டு எல்டிஎஸ்ஸில் மட்டுமே ஆதரவு தருவோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார்கள். வாதாடிப் பயனில்லை. 24.04 போட்டு, புரோ டோக்கனையும் இணைத்தாயிற்று. ஐந்துக்குள் இருப்பதால் காசு கேட்கவில்லை, அந்த விளம்பரச் செய்தியும் வருவதில்லை.