கிரகரி வாவிக் கரையில் படம் பார்க்கப் போகிறவர்களுக்கு

படம் காட்டத் தெரிந்தவர்கள்; நுவரெலியாவைத் தெரியாதவர்கள். இந்த ஏப்ரலில் கிரகரி வாவிக் கரையில் நடக்கும் திறந்தவெளித் திரையிடலை நடத்துகிறவர்களைப் பற்றிக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

விளம்பரத்தில் ‘கோடை இரவு’ என்று போட்டிருக்கிறார்கள். ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், 1873இல் இந்த வாவியை அமைத்த துரைமார் குளிரைத் தேடித்தான் இங்கே வந்தார்கள். கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். ஏப்ரல் பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். இருட்டியதும் நீர்ப்பக்கமிருந்து வரும் காற்று காதைக் கடிக்கும். இது எதையும் கணக்கில் எடுக்காமல், புல் தரையில் மெல்லிய பாயை விரித்து “வசதியாக அமருங்கள்” என்கிறார்கள். பகல் மழையில் ஊறிய புல் அது. பாய் பத்து நிமிடம் தாங்கியது. என் அத்தை மட்டும் கலங்கவில்லை. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போன காலத்துக் கம்பளியை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் அரைக்கைச் சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்த கொழும்புப் பிள்ளைகளுக்கும் அதில் ஓர் ஓரத்தைக் கொடுத்தார்.

ஆறரைக்கே படத்தைத் தொடங்கியது அடுத்த தவறு. அந்த நேரத்தில் வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கிறது. முதல் காட்சியில் யார் கதாநாயகி, யார் அவள் தங்கை என்றே தெரியவில்லை. ஏழு மணிக்குத் தொடங்கினால் தீர்ந்துபோகும் விஷயம்.

இருட்டிய பிறகு குறை சொல்ல மனம் வராது. படம் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. ஒலியைத்தான் இன்னும் மெச்ச வேண்டும். ஆளுயரப் பெட்டிகளை அடுக்கி அலறவிடாமல், சிறிய ஒலிபெருக்கிகளைப் பார்வையாளர்களின் இரு புறமும் தாழ்வாக வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த நீருக்கு மேல் சத்தம் வெகுதூரம் போகும். அக்கரை விடுதிகளில் தூங்குகிறவர்களை யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துப் படம் போட்ட காலத்தில் அடுத்த டிவிசனுக்கும் வசனம் கேட்கும், எங்களுக்குப் பெருமையாகவும் இருக்கும்.

திரை காற்றடைத்த வகை. விசிறி ஓயாமல் ஊதினால்தான் நிற்கும். காற்று பலமாக வீசியபோது வில்லனின் கன்னம் உப்பியது. சோகக் காட்சியில் சனம் சிரித்தது. கயிற்றை இழுத்துக் கட்ட இரண்டு பேர் ஓடினார்கள், ஐந்து நிமிடத்தில் சரியானது. பாராட்டலாம்.

தமிழ் எழுத்து திரையில் இருந்தது. அறிவிப்புகள் மட்டும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்தான். இந்த மாவட்டத்தில் அதற்கு ஒரு தமிழ்ப் பிள்ளை கிடைக்காமலா போகும்? டிக்கெட் விலையோ தோட்டத்தில் ஒருவரின் ஒரு நாள் பெயரை, அதாவது ஒரு நாள் கூலியை, அப்படியே விழுங்கிவிடும். குடும்பத்தோடு வர நினைப்பவர் என்ன செய்வார்? மழைக்கால வார நாளிலாவது விலையைக் குறைக்கலாம்.

சாப்பாடு சுமார். அவித்த சோளம் நல்லது, பருப்பு வடை ஆறிப்போனது, இஞ்சி போட்ட பிளேன்டீ இடைவேளைக்கு முன்பே தீர்ந்துவிட்டது. தேயிலை விளையும் ஊரில்!

திரும்பும் வழியை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். படம் முடியும்போது நானுஓயாப் பக்கம் பஸ் இல்லை. வசந்தகாலக் கூட்டத்தில் பதுளை வீதி நெரிகிறது, முச்சக்கரவண்டிக்காரர் கேட்பதுதான் கட்டணம்.

டிக்கெட்டையும் முதல் நாளே வாங்காதீர்கள். அன்று மூன்று மணிக்குப் பீதுருதாலகால மலையைப் பாருங்கள். உச்சி தெரிந்தால் போய் வாங்குங்கள். மழையில் காட்சி நின்றால் பணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள், வேறொரு நாளுக்கு மாற்றித் தருவார்கள். அந்த வேறொரு நாளும் ஏப்ரலில்தானே வரும்.