ஐரிஸ் எர்த்குவேக் பிரவுசர்: மவுஸ இழுத்தா பூமிக்குள்ள போற தட்டு தெரியுது

பொண்ணுக்கு ஜியாகரபில பூமியோட மேல் ஓடு துண்டு துண்டா, அதாவது தட்டு தட்டா நகர்ற பாடம், ஒரு தட்டு இன்னொன்னுக்கு அடியில சொருகுற மாதிரி படம் போட்டிருக்கான், "இத யாருப்பா உள்ள போய் பாத்துட்டு வந்தா?"ன்னு கேட்டுட்டா. முழிச்சிட்டு தேடினப்ப மாட்டுனதுதான் இது. வெப்சைட்தான், காசு கிடையாது, லாகின் தொல்லையும் இல்ல.

மேப்ல ஜப்பான சுத்தி பாக்ஸ் போட்டா அங்க வந்த நிலநடுக்கம் எல்லாம் புள்ளி புள்ளியா வரும், மேலாப்புல வந்தது ஊதா, ஆழம் கூடக் கூட பச்சை மஞ்சள்னு போய் கடைசில சிவப்பு. நேரா பாத்தா கலர்ப்பொடி கொட்டி வச்ச மாதிரிதான் இருக்கு. 3டி தட்டி மவுஸால சைடுல திருப்புங்க, கிழக்க கடல்ல ஆரம்பிச்சு மேற்க போகப் போக புள்ளிங்க அப்படியே சரிஞ்சு இறங்கும், சாய்ச்சு வச்ச பலகை கணக்கா. இறங்குற தட்டுலதான் அந்த நிலநடுக்கம் எல்லாம் வருது, அதனால அந்த பலகைதான் பசிபிக் தட்டு!! வடாட்டினு ஒரு ஜப்பான்காரர் 1935லயே இத பேப்பர்ல கோடு கோடா போட்டு காட்டிட்டாரு, கம்ப்யூட்டரே இல்லாத காலத்துல.

பாக்ஸ வடக்க இழுத்தா ஓகோட்ஸ்க் கடலுக்கு கீழ 2013 மே 24ல வந்த 8.3 மாட்டும், ஏறக்குறைய 600 கிமீ ஆழம், மாஸ்கோ வரைக்கும் ஆட்டம் தெரிஞ்சுதாம்.

ஒரு விஷயத்துல ஏமாந்துடாதீங்க, 10 கிமீ, 33 கிமீல புள்ளிங்க ஷெல்ஃப் அடிச்ச மாதிரி மட்டமா நிக்கும். "அங்க மாடி இருக்கா"ன்னா பொண்ணு. மாடியும் இல்ல ஒண்ணும் இல்ல, ஆழம் சரியா பிடிபடாத நிலநடுக்கத்துக்கு கேட்டலாக்ல அந்த நம்பர போட்டு வச்சிருக்காங்க, அவ்ளோதான்.

இன்னொன்னு, 700 கிமீ கிட்ட புள்ளி நின்னுடும், தட்டு நிக்கல. அதுக்கப்புறம் டோமோகிராபிதான், சிடி ஸ்கேன் மாதிரி. தட்டு சுத்தி இருக்குற பாறைய விட சில்லுனு இருக்கறதால அதுக்குள்ள வர்ற நிலநடுக்க அலை கொஞ்சம் முந்தி வந்துடும், நிலநடுக்கத்த பதிவு பண்ற நிறைய ஸ்டேஷன்ல அந்த முந்தலையெல்லாம் சேத்து படமாக்குறாங்க. அப்படி பாத்துதான் ஜப்பானுக்கு அடியில போன தட்டு 660 கிமீ பக்கம் மடங்கி வடகிழக்கு சீனாவுக்கு கீழ வரை படுத்துக் கிடக்குனு கண்டுபிடிச்சாங்க. அத இந்த புள்ளிங்கள வச்சு பாக்க முடியாது, அதனால நாலு ஸ்டார்.

என் பழைய போன்ல திறந்து அது சூடாகி ஆஃப்பே ஆயிடுச்சு, லேப்டாப்ல பாருங்க. புள்ளி எண்ணிக்கைய கூட்டி வச்சுக்கங்க, நூறு இருநூறுல பலகை தெரியாது.