தாவுவதற்கு டைஸ் எதற்கு? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தாவல் விதிகளும் என் அனுபவமும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி, ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி ஆடும் மேஜை ஆட்டத்தில், தாவுவதற்கு டைஸ் (பகடை) உருட்டச் சொல்லாத விதிதான் நல்ல விதி. அதன் மூன்றரைப் பதிப்பு, ஐந்தாம் பதிப்பு, அதே வகை ஆட்டமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு மூன்றையும் வருடக்கணக்கில் டிஎம்மாக (கதையை நடத்தித் தீர்ப்பும் சொல்பவர்) நடத்திய பிறகு சொல்கிறேன். ஆட்டம் காட்பாடியில், நண்பர் வீட்டு மொட்டை மாடியில். வேலூர் வெயிலில் பகலில் அங்கே கால் வைக்க முடியாது, பொழுது சாய்ந்துதான் ஆரம்பிப்போம்.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதி எளிது. பத்து அடி ஓடி வந்து தாவினால், கதாபாத்திரத்தின் பலத்தைக் காட்டும் ஸ்ட்ரெங்த் எண் எவ்வளவோ அத்தனை அடி தாண்டலாம். நின்ற இடத்திலிருந்து தாவினால் அதில் பாதி. 2024 திருத்தத்திலும் இது அப்படியே இருக்கிறது. மூன்றரையில் ஒவ்வொரு தாவலுக்கும் டி20 (இருபது முகப் பகடை) உருட்ட வேண்டும். அதே ஃபைட்டர் (போர்வீரன்) ஒரு தடவை இருபது அடி பறப்பான், அடுத்த தடவை வாய்க்கால்கூடத் தாண்ட மாட்டான். பாத்ஃபைண்டரில் சாதாரணத் தாவல் பத்து அடி, வேகம் முப்பது அடிக்குக் குறையாமல் இருந்தால் பதினைந்து. அதற்கு மேல் போக இரண்டு ஆக்‌ஷன் (செயல் வாய்ப்பு) செலவழித்து உருட்ட வேண்டும். அதுவும் பரவாயில்லை. ஆனால் தன்னால் எவ்வளவு தாண்ட முடியும் என்று ஆடுபவருக்கு முன்னாலேயே தெரிந்தால்தான் திட்டம் போட்டு ஆடுவார். உருட்டினால்தான் தெரியும் என்றால் பாதிப் பேர் தாவவே மாட்டார்கள், ஏணி தேடுவார்கள்.

சிக்கல் வருவது மேப்பில் இடத்தை அளக்கும் ஐந்தடிக் கட்டத்தில். வேலூர்க் கோட்டையை மனதில் வைத்து ஒரு மேப் வரைந்திருந்தேன். நிஜ அகழியை எந்த ஃபைட்டரும் தாண்ட முடியாது, அதனால் பாலத்தின் நடுவில் மூன்று கட்டம் இடிந்து கிடப்பதாக வைத்தேன். அதாவது பதினைந்து அடி. ஸ்ட்ரெங்த் 16 வைத்திருந்த தம்பி தன் மினியை (கதாபாத்திரத்தின் குட்டிப் பொம்மை) கையில் பிடித்துக்கொண்டு எண்ணிப் பார்த்தான்: "அண்ணா, இறங்குற கட்டத்தையும் சேர்த்தா இருபது வருதே, விழுந்துடுவேனா?"

அன்று சொன்ன தீர்ப்பைத்தான் இன்றுவரை வைத்திருக்கிறேன். தாண்ட வேண்டியது இடைவெளியை மட்டும், அது பதினைந்துதான். நடைக்கணக்கில் மட்டும் இறங்கும் கட்டமும் சேரும். ஓட்டத்துக்குப் பத்து, தாவலுக்கு இருபது, மொத்தம் முப்பது. அவன் வேகம், அதாவது ஒரு டர்னில் (ஒருவருடைய முறை) நகரக்கூடிய தூரம், சரியாக முப்பது. அதே டர்னில் ஓர் ஓர்க்கை (அரக்கன்) வெட்ட ஒரு கட்டம் நகர்ந்திருந்தாலும் ஐந்தடி குறைந்திருக்கும், டேஷ் (கூடுதல் ஓட்டம்) எடுக்க வேண்டி வந்திருக்கும். எங்கே நிற்கிறோம் என்பதற்கு அன்றிலிருந்து எங்கள் மேஜையில் தனி மதிப்பு வந்துவிட்டது.

எண்கள் மனதில் பதிய ஒரு வழி உண்டு. அந்த வீட்டு ஹாலில் இரண்டடி டைல்ஸ். புதிதாக வருபவர்களிடம் ஐந்து டைல்ஸைக் காட்டி, "ஸ்ட்ரெங்த் 10 ஆள் ஓடி வந்து இவ்வளவு தாவுவான்" என்பேன். அப்புறம் யாரும் விதிப்புத்தகத்தைப் புரட்டுவதில்லை.

குறை என்றால், உச்ச வரம்பு கஞ்சத்தனமானது. ஸ்ட்ரெங்த் 20 மாவீரனுக்கும் இருபது அடிதான். 1991-இல் நீளம் தாண்டுதலில் மைக் பவல் தாண்டியதே 8.95 மீட்டர், இருபத்தொன்பது அடிக்கு மேல்! அத்லெட்டிக்ஸ் திறனுக்கு டைஸ் உருட்டி வழக்கத்துக்கு மீறித் தாவலாம் என்று 2014 புத்தகம் சொல்கிறது, எவ்வளவு என்று சொல்வதில்லை. நான் டைஸில் எட்ட வேண்டிய இலக்கு எண்ணைப் பத்தில் தொடங்கி, கூடுதலாகத் தாண்டும் ஒவ்வோர் அடிக்கும் இரண்டு கூட்டுகிறேன். மயிரிழையில் தவறினால் விளிம்பைப் பிடித்துத் தொங்கலாம். இந்த ஏற்பாட்டில் இதுவரை சண்டை வந்ததில்லை.

ஜம்ப் மந்திரம் விஷயத்தில் மட்டும் எனக்கு 2014 விதிதான் பிடிக்கும். அது தாவலை மூன்று மடங்காக்கும், அதனால் பலசாலிக்கே பலன் அதிகம். 2024-இல் பத்தடி நடையைச் செலவழித்தால் யாரானாலும் முப்பதடி தாவலாம், ஸ்ட்ரெங்த் 8 விஸார்டும் (மந்திரவாதி) சரி, 18 பார்பேரியனும் (முரட்டு வீரன்) சரி. எங்கள் மேஜையில் பழையதையே வைத்திருக்கிறோம், விஸார்ட் ஆடுகிறவரும் ஒப்புக்கொண்டார்.