வோக்கரா, நடைவண்டியா, பன்பாயா?

மூத்தவனுக்கு ஏழு மாதம் இருக்கும்போது காத்தான்குடிக்குப் போய் வோக்கர் ஒன்று வாங்கி வந்தோம். மஞ்சள் நிறம். நடுவில் பிள்ளை இருக்கும் சீட்டு, கீழே சில்லு. முன்தட்டில் ஐந்து பொத்தான், அழுத்தினால் ஐந்து பாட்டு. அன்று பின்னேரமே பிள்ளை அதற்குள் இருந்தபடி ஹோலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். வீடே கைதட்டியது. மாமி மட்டும் கதவு நிலையில் சாய்ந்து அவனுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "புள்ள நடக்கல்லகா, நிலத்தத் தள்ளுறான்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. காசு கொடுத்து வாங்கிய முதல் நாளே இப்படியா சொல்வது? இரண்டு நாள் கழித்து நானும் குனிந்து பார்த்தேன். குதிக்கால் நிலத்தில் படவேயில்லை. பெருவிரல்கள் மட்டும் சீமெந்தைக் குத்த, இரண்டு காலையும் ஒன்றாக உதைத்துத் தவளை மாதிரி முன்னே பாய்ந்தான். முன்தட்டு மறைப்பதால் தன் கால் எங்கே வைக்கப்படுகிறது என்று அவனுக்குத் தெரிய வழியும் இல்லை.

எங்கள் மட்டக்களப்பு ஆரையம்பதிப் பக்கத்தில் நடை பழகும் பிள்ளைக்கு மூன்று வழி உண்டு. கடை வோக்கர், ஓடாவி (தச்சர்) செய்து தரும் மூன்று சில்லு நடைவண்டி, ஒன்றும் வாங்காமல் பன்பாயை விரித்து விட்டுவிடுவது. மூத்தவன் முதலாவது வழியில் வளர்ந்தான். சின்னவளுக்கு மற்ற இரண்டும். மூத்தவன் பதினைந்தாம் மாதம் நடந்தான், இவள் பதினாலில். இரண்டு பிள்ளையை வைத்து எதையும் நிறுவ முடியாது, அதனால் என் வீட்டுக் கணக்கைச் சாட்சியாக எடுக்காதீர்கள்.

பிள்ளையின் உடம்பு தலையிலிருந்து கீழ்நோக்கித்தான் வசத்துக்கு வருகிறது. முதலில் கழுத்து நிற்கும். பிறகு தோள், முதுகு, இடுப்பு. கடைசியாகத்தான் பாதம். நடுவுடம்பிலிருந்து வெளிப்பக்கமாகவும் அப்படியே: முழுக்கையையும் வீசுகிற பிள்ளை, பல மாதம் கழித்துத்தான் சோற்றுப் பருக்கையை இரண்டு விரலால் பொறுக்கும். முதுகும் இடுப்பும் இன்னும் உறுதிப்படாத பிள்ளையை வோக்கர் தன் சீட்டில் தொங்கவிட்டு, கடைசியில் வரவேண்டிய காலுக்கு முதல் வேலையைக் கொடுக்கிறது. பாரத்தைச் சீட்டு தாங்குகிறது, சமநிலையைச் சட்டம் பார்த்துக்கொள்கிறது. என்னைக் கேட்டால் வோக்கர் என்பது சில்லுப் பூட்டிய ஏணை.

இந்த ஒழுங்கு நம்மவர்களுக்குப் புதிதல்ல. பிள்ளைத்தமிழின் பருவங்களை எடுத்துப் பாருங்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை: கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது. ஒன்பதில் சப்பாணி: இருந்து கைகொட்டுவது. பதின்மூன்றில் வருகை: தளர்நடை போட்டு வா என்று அழைப்பது. சிறுதேர் உருட்டுவது இருபத்தோராம் மாதத்தில்தான். நடை வந்த பிறகே சில்லு! புலவர்கள் தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று மாதம் எண்ணினார்களோ தெரியாது, ஆனால் வரிசை பிழைக்கவில்லை.

வரிசை ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்று, வேகம் ஆளுக்காள் வேறு. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2006இல் வெளியிட்ட அளவுகளில், பிடியில்லாமல் நடப்பதற்கான காலம் 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை நீள்கிறது. கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்வதற்கு 5.2 முதல் 13.5 வரை. நூற்றுக்கு நாலு பிள்ளை அளவில் அப்படித் தவழாமலே நடந்துவிட்டன. ஆகவே கிளினிக் வரிசையில் பக்கத்துக் கதிரைக்காரி "எங்கட புள்ள பத்து மாசத்துல நடந்துட்டான்" என்று சொன்னால் சிரித்துவிட்டு இருங்கள். பதினெட்டு மாதமாகியும் நடை வராவிட்டால், ஒன்பது மாதத்துக்கு மேலாகியும் தானாக உட்கார்ந்து இருக்காவிட்டால், ஒரு பக்கக் கை காலை மட்டும் பாவித்தால், அப்போது வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு மிட்வைஃப் மிஸ்ஸிடம் போகவேண்டும். அதற்கு வோக்கர் மருந்தல்ல.

அவசரப்படுத்தினால் சீக்கிரம் நடக்குமா என்பதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. 1929இல் அமெரிக்காவில் கெசெல் என்ற ஆய்வாளர் ஒரே உருவ இரட்டைப் பெண் குழந்தைகளில் ஒன்றுக்கு 46 கிழமை வயதிலிருந்து ஆறு கிழமை நாளாந்தம் படியேறப் பழக்கினார். மற்றதைச் சும்மா விட்டார். சும்மா விட்ட பிள்ளைக்கு 53ஆம் கிழமையில் பயிற்சியைத் தொடங்க, இரண்டே கிழமையில் அது முதலாவதை எட்டிப் பிடித்துவிட்டது. நரம்பும் தசையும் பழுக்கும்வரை பயிற்சிக்குப் பெரிய இலாபமில்லை என்பது அவர் எடுத்த முடிவு. ஒரு சோடிப் பிள்ளைகளை வைத்து அவ்வளவு உறுதியாகப் பேசியது அதிகம்தான். ஒரே இடத்தில் கட்டிப் போட்டால் பழுக்கிற உடம்பும் பிந்தும் என்பதைப் பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். உடம்பு ஆயத்தமாக வேண்டும், ஆயத்தமானபோது அசைய இடமும் வேண்டும்.

வோக்கர் எவ்வளவு பிந்தவைக்கும்? அயர்லாந்தில் 190 பிள்ளைகளிடம் எடுத்து 2002இல் வெளியான ஆய்வில், வோக்கரில் மொத்தமாகக் கழியும் ஒவ்வொரு 24 மணித்தியாலத்துக்கும் தனியே நடப்பது 3.3 நாளும் தனியே நிற்பது 3.7 நாளும் பிந்தியிருந்தது. நாளுக்கு ஒரு மணித்தியாலம், மூன்று மாதம் என்று வைத்தால் நடைக்குக் கிட்டத்தட்ட பன்னிரண்டு நாள். உண்மையைச் சொன்னால் பயப்படுகிற கணக்கல்ல. பயப்பட வேண்டியது வேறு.

எங்கள் குசினிக்கு இறங்க இரண்டு படி. ஒரு நாள் காலை மூத்தவன் என்னைக் கண்ட சந்தோஷத்தில் பாய்ந்து வந்தான். முன்சில்லு இரண்டும் படியில் விழுந்தன, அவன் வோக்கரோடு கவிழ்ந்தான். நாடியில் வெட்டு, மூன்று தையல். நான் நாலடி தூரத்தில்தான் நின்றேன். வோக்கரில் பிள்ளை ஒரு நொடிக்குள் மூன்றடிக்கு மேல் போய்விடும், நீங்கள் எழும்புவதற்குள் காரியம் முடிந்துவிடும். உயரமும் கூடுவதால் மேசையில் இருக்கும் தேத்தண்ணி, கொதிக்கிற கேத்தல், மண்ணெண்ணெய்ப் போத்தல் எல்லாம் கைக்கு எட்டும். கனடா 2004 ஏப்ரலில் வோக்கரை விற்பதையே தடைசெய்தது, பாவித்ததை விற்கவும் அங்கே அனுமதியில்லை.

நடைவண்டிக்கு வருவோம். எங்கள் வீட்டில் இருப்பது மாமனார் முதிரைப் பலகையில் செய்வித்தது. என் கணவரும் அதைப் பிடித்துத்தான் நடந்தாராம். இதில் பிள்ளை பின்னால் நின்று தன் பாரத்தைத் தானே தாங்குகிறது. பாதம் முழுதாகப் பதிகிறது, காலும் கண்ணுக்குத் தெரிகிறது, பிழைத்தால் அப்படியே இருந்துவிடலாம். ஆனால் எதையாவது பிடித்து எழும்பி நிற்கத் தெரிந்த பிறகுதான் இது உதவும். அதற்கு முன் நிறுத்திவைத்தால் வண்டி ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். மாபிள் தரையில் லேசான வண்டி ஓடியே போய்விடும், முன்கட்டையில் அரைக் கல்லைக் கட்டவேண்டும். எங்கள் வளவு மணலில் அந்தத் தொல்லையில்லை. சில்லு புதைவதே பிறேக்.

வீட்டில் கிடக்கும் பன்பாய்க்குப் புதுச் செலவில்லை, விளம்பரமுமில்லை, அதனால்தான் அதைப் பற்றி யாரும் பேசுவதுமில்லை. பாயின் சொரசொரப்பில் முழங்காலும் வெறும் பாதமும் வழுக்காது. சின்னவள் கதிரைக் காலைப் பிடித்து எழும்புவாள், இரண்டு மூச்சு நிற்பாள், தொப்பென்று இருப்பாள். உடனே என் முகத்தைப் பார்ப்பாள். நான் "ஐயோ" என்றால் அழுகை. பேசாமல் வெங்காயம் உரித்தால் திரும்பவும் கதிரைக் கால். நியூயோர்க்கில் பன்னிரண்டு முதல் பத்தொன்பது மாதப் பிள்ளைகளைக் கவனித்து 2012இல் எழுதியிருக்கிறார்கள்: சராசரியாக மணித்தியாலத்துக்கு 2,368 காலடி, 17 விழுகை. வோக்கர் தடுப்பது இந்தப் பதினேழையும்தான்.

அப்படியென்றால் பாய், நிற்கத் தெரிந்ததும் நடைவண்டி, வோக்கர் வேண்டாம். என் பதில் இதுதான். ஆனால் பாய்க்கு ஒரு விலை உண்டு, அதை அம்மாதான் கொடுக்கிறாள். நிலத்தில் விட்ட பிள்ளை சில்லறைக் காசையும் வாயில் போடும், எறும்பையும் போடும், கிணற்றுக்கட்டு வரைக்கும் தவழும். கணவர் வாவிக்குத் தோணியில் போய்விட்டார், மாமி கோயிலில், அடுப்பில் உலை, கையில் பாதி வெட்டிய மீன். அந்த அரை மணித்தியாலத்துக்காகத்தான் வோக்கர் விற்பனையாகிறது. நானும் அதற்குத்தான் வாங்கினேன், நடை பழக்க என்று ஊருக்குச் சொன்னாலும். இதை ஒப்புக்கொள்ளாமல் "வோக்கர் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது, சமைக்காத ஆளின் பேச்சு.

சின்னவளுக்கு நாங்கள் கண்டுபிடித்த வழி பழைய மேசை. அதைக் கவிழ்த்து, உள்ளே பாயை விரித்து, நாலு காலையும் சுற்றிப் பழைய சாரத்தை இழுத்துக் கட்டினோம். நான் மீன் வெட்டும் இடத்திலிருந்து பார்க்கிற தூரத்தில் வைத்தோம். மேசைக் கால் பிடித்து எழும்ப வாகாக இருந்தது. தன் முதல் நிற்றலை அவள் அதற்குள்தான் நின்றாள், சாரத்துக்கு மேலே இரண்டு கண் மட்டும் தெரிந்தது.

மஞ்சள் வோக்கரைக் குப்பையில் போட மனம் வராமல் சீட்டைக் கழற்றி வளவு மூலையில் போட்டிருந்தேன். போன மாதம் சின்னவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். உள்ளே ஏறத் தெரியாது, வெளியே நின்று சட்டத்தைப் பிடித்துத் தள்ளுகிறாள். சில்லு மணலில் புதையப் புதைய முக்கி முக்கித் தள்ளுகிறாள். ஐந்து பொத்தானில் ஒன்று இன்னும் பாடுகிறது. மாமி பார்த்துவிட்டு, "மறுகா என்ன, காசு வீண்போகல்ல" என்றார்.