பள்ளிக்கூட லினக்ஸ்: கேரளத் தமிழ்வழிப் பள்ளியிலிருந்து ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு தமிழ்வழிப் பள்ளியில் நான் கணக்கு ஆசிரியர். கேரள அரசு தன் பள்ளிகளுக்கென்று உருவாக்கிக் கொடுத்த லினக்ஸ் இயங்குதளத்தை (விண்டோஸுக்கு மாற்றானது), அது 'ஐடி அட் ஸ்கூல்' என்ற கணினிக் கல்வித் திட்டத்தின் பெயரில் வந்த காலந்தொட்டு, அத்திட்டம் 'கைட்' நிறுவனமாக மாறியபின் வந்த இன்றைய கைட் லினக்ஸ் வரை, வகுப்பறையிலும் பள்ளி அலுவலகத்திலும் பயன்படுத்தி வருகிறேன். கட்டற்ற மென்பொருளையும் (யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தருவது) திறந்த தரநிலைகளையும் (எந்த ஒரு நிறுவனத்துக்கும் கட்டுப்படாத பொது வடிவங்கள்) ஏற்கும்படி அரசுத் துறைகளுக்கு மனுக் கொடுப்பவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். ஒரு துறையை ஏற்க வைப்பதைவிட, ஏற்றதில் அது நிலைத்து நிற்கும்படி செய்வதுதான் கடினம். கேரளப் பள்ளிக் கல்வித் துறை நிலைத்து நின்ற விதத்தை நான் உள்ளிருந்தே பார்த்திருக்கிறேன்.

ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2001-இல் தொடங்கியபோது பாடம் ஒரே நிறுவனத்தின் மென்பொருள்களைச் சுற்றியே இருந்தது. பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளி ஒரு தனியார் தயாரிப்புக்குப் பயிற்சிக்கூடமாக இருக்கக் கூடாது என்று ஆசிரியர் அமைப்புகளும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் தொடர்ந்து வாதாடினார்கள். பாடநூலில் மாற்றம் படிப்படியாகத்தான் வந்தது. 2008 மார்ச் மாதத்தில் நடந்த பத்தாம் வகுப்பு எஸ்எஸ்எல்சி தகவல் தொழில்நுட்பத் தேர்வு முழுக்கக் கட்டற்ற மென்பொருளிலேயே நடந்தது. என் கணிப்பில் திட்டத்தை அசைக்க முடியாததாக்கியது அந்தத் தேர்வுதான். சுற்றறிக்கையை அடுத்த சுற்றறிக்கை மாற்றிவிடும். ஆனால் லட்சக்கணக்கான பிள்ளைகள் எழுதும் பொதுத்தேர்வு ஒரு மென்பொருளின்மேல் நிற்கும்போது, அதற்குப் பாடநூல் வேண்டும், ஆசிரியர் பயிற்சி வேண்டும், ஆய்வகக் கணினிகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றை ஒன்று தாங்கிப் பிடித்துக்கொள்கிறது.

செய்முறைத் தேர்வு நாளில் நடப்பதைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். மாணவி கணினிமுன் அமர்கிறாள். தேர்வு மென்பொருள் அவளுக்கு ஒரு வினாவைத் தருகிறது. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளைத் திறந்து ஒரு சின்னத்தை வரையவோ, லிப்ரெ ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளில் ஒரு கடிதத்தை வடிவமைக்கவோ அது கேட்கும். முடித்தபின் தன் பதிவு எண்ணையே பெயராக வைத்து, சொல்லப்பட்ட கோப்புறையில் சேமிக்கிறாள். தோட்டத் தொழிலாளியின் மகளும் வியாபாரியின் மகனும் ஒரே மென்பொருளில், உரிமக் கட்டணம் என்ற பேச்சே இல்லாமல், வீட்டில் கணினி இருந்தால் அதே தொகுப்பை அங்கேயும் நிறுவிப் பழகி வந்து எழுதுகிறார்கள். இந்தச் சமநிலையைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மனம் நிறைகிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு விதமாக நடந்தது. தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு, மைய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய போஸ் லினக்ஸும் இருந்தது. எங்கள் உறவினர் வீட்டுப் பிள்ளைகள் வாங்கிவந்த கணினிகளை நான் பார்த்திருக்கிறேன். போஸ் லினக்ஸைத் திறந்து பார்க்க அவர்களுக்கு ஒரு பாடமும் இல்லை, காட்டிக்கொடுக்க ஓர் ஆசிரியரும் இல்லை. நல்ல முயற்சி, பயன்படுத்தக் காரணம் இல்லாமல் கிடந்தது.

இனி அன்றாடப் பயன்பாட்டுக்கு வருகிறேன். கணக்கு வகுப்பில் ஜியோஜீப்ரா என்ற வடிவியல் மென்பொருள் இல்லாத காலத்தை இனி நினைத்துப் பார்க்க முடியாது. ஒரு நாணை வரைந்து, வட்டத்தின்மேல் ஒரு புள்ளியை வைத்து, அந்தப் புள்ளியை வில்லின் வழியே இழுத்துக்கொண்டே போனால் கோணத்தின் அளவு மாறாமல் நிற்கும். புள்ளி நாணின் மறுபக்கத்துக்குப் போனவுடன் முந்தைய கோணத்தை 180-இலிருந்து கழித்த அளவாகிவிடும். கரும்பலகையில் நான் அரைமணி நேரம் நிறுவிக் காட்டியதைப் பிள்ளைகள் சுட்டியைப் பிடித்துத் தாங்களே கண்டுபிடிக்கிறார்கள். (ஜியோஜீப்ராவின் உரிமத்தில் வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு உண்டு, முழுக்கக் கட்டற்றது என்று மனுவில் எழுதிவிட வேண்டாம்.) பென் டிரைவில் கோப்புறைகளெல்லாம் ஷார்ட்கட்டாக மாறும் வைரஸ் தொல்லை பக்கத்துக் கணினி மையங்களை ஆட்டிப்படைத்த ஆண்டுகளில் எங்கள் ஆய்வகம் அமைதியாக ஓடியது. உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் 18.04-ஐ அடிப்படையாகக் கொண்ட பதிப்பிலிருந்து 22.04-க்கு மாறியபோது பழைய கணினிகள் சில திணறின. ஆனால் பழைய பாடக்கோப்புகள் எல்லாமே சிக்கலின்றித் திறந்தன.

குறைகள் பெரும்பாலும் வெளியிலிருந்து வருபவை. மேலலுவலகம் ஒன்று அனுப்பும் விரிதாளில் மேக்ரோ (விரிதாளுக்குள் வைத்த சிறு தானியங்கி நிரல்) இருக்கும். லிப்ரெ ஆபிஸில் அது பல நேரம் சரியாக இயங்காது, கடைசி நாளில் யாராவது வீட்டிலிருந்து விண்டோஸ் மடிக்கணினியைக் கொண்டுவர வேண்டியிருக்கும். டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கு (கணினியில் செருகும் சிறு கருவி) லினக்ஸில் இயக்கி மென்பொருள் கிடைக்காமல் எங்கள் தலைமையாசிரியர் பட்ட பாடு கொஞ்சமல்ல. வகுப்பறையில் திறந்த மென்பொருள் வெற்றி பெற்றிருந்தாலும், அலுவலகங்களுக்கு இடையே ஓடும் கோப்பு திறந்த வடிவத்தில் இல்லையென்றால் ஆசிரியர்தான் நடுவில் நசுங்குகிறார்.

தரநிலையின் அருமையைத் தமிழ் ஆசிரியர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய வினாத்தாள்கள் எங்களிடம் ஒரு பெட்டி நிறைய இருந்தன; அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும், மெய்யெழுத்துக்குப் புள்ளி இருந்த இடத்திலெல்லாம் அரைப்புள்ளியும் வரிசைகட்டி நிற்கும். எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டு முறையான யுனிகோடில் எழுதியவை இன்று கைப்பேசியிலும் திறக்கின்றன, தேடினால் கிடைக்கின்றன. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி, தமிழ்நாடு அரசு யுனிகோடைத் தரமாக அறிவித்தபோது எல்லைக்கு இப்பால் இருந்த எங்களுக்கும் அது உதவியது; அங்கிருந்து வரும் பாடக்குறிப்புகளை எழுத்துரு தேடாமல் பயன்படுத்தும் நிலை மெல்ல மெல்ல வந்தது.

ஆகவே மனுக் கொடுப்பவர்களுக்கு என் பரிந்துரைகள் சில. செலவு மிச்சத்தை முதல் வாதமாக வைக்காதீர்கள். 2019-இல் 18.04 பதிப்பு வெளியானபோது 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைக் கணக்கிட்டு 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அறிவிக்கப்பட்டது. தொகுப்பில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஈடான வணிக மென்பொருளை வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவு அது. நிதிப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர், 'நாங்கள் அத்தனையையும் வாங்கியிருக்கவே மாட்டோமே' என்று ஒரே வரியில் மறுத்துவிடுவார். அந்த அலுவலகம் கடந்த ஆண்டுகளில் உண்மையாகவே செலுத்திய உரிமக் கட்டணத்தைக் கேட்டு வாங்கி, அதை மட்டும் எழுதுங்கள்.

அதிகாரி மனத்தில் இருக்கும் கேள்வி, 'பழுதானால் யாரைக் கூப்பிடுவது' என்பதுதான். கேரளத்தில் அதற்கு ஆள் இருந்தது: பள்ளிக்கு ஒரு ஐடி ஒருங்கிணைப்பாளர், அவருக்கு மேல் மாவட்டத்தில் மாஸ்டர் டிரெயினர்கள். இவர்கள் எல்லோரும் ஆசிரியர்களே. வகுப்பின் கஷ்டம் தெரிந்தவர்கள். நீங்கள் மனுவோடு பெயர்ப்பட்டியலும் கொண்டு போனால், எந்த நாளில் யார் வந்து பயிற்சி தருவார்கள் என்பதையும் எழுதினால், பேச்சே வேறு மாதிரி நடக்கும்.

மைய அரசுத் துறை என்றால் கையில் இரண்டு ஆவணங்கள் இருக்கட்டும்: மின்னாளுகைக்கான திறந்த தரநிலைகள் குறித்த 2010 கொள்கையும், திறந்த மூல மென்பொருளை (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருப்பது) ஏற்பது குறித்த 2015 கொள்கையும். இரண்டாவது கொள்கையின்படி ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே திறந்த மூல மென்பொருளையும் பரிசீலிக்க வேண்டும் என்று குறிப்பிட வேண்டும். தன் ஒப்பந்தப்புள்ளியில் திறந்த மூல மென்பொருளை விலக்கும் நிறுவனம் அதற்குக் காரணம் எழுதித் தர வேண்டும். புதிய கோரிக்கை எதையும் வைக்காமல், இருக்கும் விதியை நிறைவேற்றுங்கள் என்று மட்டும் கேட்கலாம்.

மென்பொருளை மாற்ற முடியாத அலுவலகத்திடம் கோப்பு வடிவத்தை மட்டுமாவது கேளுங்கள். 2006 முதல் சர்வதேச ஐஎஸ்ஓ தரமாக இருக்கும் ஓடிஎஃப் என்ற திறந்த ஆவண வடிவத்தில் வரும் கோப்பை வாங்கிக்கொள்வது, நிரப்ப வேண்டிய படிவத்தை மேக்ரோ இல்லாமல் அனுப்புவது, தமிழை யுனிகோடில் மட்டும் எழுதுவது ஆகிய மூன்றுக்கும் புதுக் கொள்முதலும் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம். எங்கள் மேலலுவலகத்துக்கு ஆசிரியர்கள் சேர்ந்து கொடுத்த கடைசி மனுவில் இந்த மூன்று வரிகளே இருந்தன. மூன்றாவது நிறைவேறிவிட்டது, மற்ற இரண்டுக்காகவும் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.