கம்பியின் மின்தடை ஆய்வுப் பெட்டி: மூன்று மாதம் வகுப்பில் பயன்படுத்திய பிறகு

சென்ற சூன் மாதம் புதுச்சேரி நேரு வீதிக்குப் பக்கத்துச் சந்தில் உள்ள ஒரு கடையில், கம்பியின் மின்தடையை எவை தீர்மானிக்கின்றன என்பதை ஆராயும் பெட்டி ஒன்றை 1,850 ரூபாய்க்கு வாங்கினேன். கடலூரில் நான் இயற்பியல் கற்பிக்கும் பத்தாம் வகுப்பு மாணவர்கள் மூன்று மாதமாக அதைக் கையாண்டு வருகிறார்கள். ஒரு மீட்டர் அளவுகோல் பதித்த மரப்பலகை, மூன்று தடிமன்களில் நைக்ரோம் (நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகக்கலவை) கம்பி, செம்புக் கம்பிச் சுருள் ஒன்று, இரண்டு பேட்டரிகள் பொருத்தும் பெட்டி, 1 ஆம்பியர் வரை காட்டும் அம்மீட்டர், 3 வோல்ட் வரை காட்டும் வோல்ட்மீட்டர், பிளக் சாவி, கிளிப் பொருத்திய வயர்கள், வழிகாட்டிப் புத்தகம் ஆகியவை உள்ளே இருக்கின்றன. பலகையும் மீட்டர்களும் நன்றாக உள்ளன. முள் தடுமாறாமல் நிற்கிறது, கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன.

முதல் சோதனை நீளம் பற்றியது. 28 கேஜ் (கேஜ் என்பது கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண்) நைக்ரோம் கம்பியைப் பலகையில் இழுத்துக் கட்டி, 20 செ.மீ. இடைவெளியில் கிளிப்பை நகர்த்தி அளந்தோம். 20 செ.மீ.க்கு 2.5 ஓம், 40க்கு 4.5, 60க்கு 6.4, 80க்கு 8.4, 100க்கு 10.4 என்று வந்தது. “சார், நீளம் ரெண்டு மடங்கு ஆச்சு, மின்தடை ஏன் ரெண்டு மடங்கு ஆகல?” என்று ஒரு மாணவி கேட்டாள். இந்தக் கேள்வி எழ வேண்டும் என்பதற்காகவே இப்பெட்டியை வாங்கலாம். வரைபடம் போட்டபோது கோடு நேராகத்தான் இருந்தது. ஆனால் ஆதிப்புள்ளி வழியாகச் செல்லாமல் மின்தடை அச்சை 0.5 ஓமில் வெட்டியது. அந்த அரை ஓம் கம்பியுடையது அன்று. கிளிப்பின் பற்கள் கம்பியைத் தொடும் இடத்திலும் இணைப்பு வயர்களிலும் உள்ள மின்தடை அது. வழிகாட்டி சொல்கிறபடி வோல்ட்மீட்டரைப் பலகையின் பித்தளை முனைகளில் இணைத்தால் இந்தத் தடையும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. வோல்ட்மீட்டருக்கெனத் தனியாக இரண்டு கிளிப்புகளை எடுத்து, மின்னோட்டம் செல்லும் கிளிப்புகளுக்கு உட்புறமாகக் கம்பியிலேயே நேரடியாகக் கவ்வச் செய்து, அவற்றுக்கு இடைப்பட்ட நீளத்தை அளந்தபோது 2.0, 4.0 என்று ஏறி, மீட்டருக்கு 9.9 ஓம் கிடைத்தது. வோல்ட்மீட்டர் வழியே மிகச் சிறிய மின்னோட்டமே செல்வதால் அதன் கிளிப்புகளில் இருக்கும் தொடு மின்தடை அளவைக் கெடுப்பதில்லை.

மின்தடை அலகுக்குப் பெயர் தந்த ஜெர்மன் இயற்பியலாளர் ஓம் அவர்களும் இதே இடத்தில்தான் நின்றிருக்கிறார் என்பதை வகுப்பில் சொன்னேன். 1820களில் அவர் முதலில் பயன்படுத்திய வோல்ட்டா மின்கலங்களின் விசை நிலையாக நிற்கவில்லை. பிறகு போகென்டார்ஃப் என்ற இயற்பியலாளரின் யோசனைப்படி, செம்பும் பிஸ்மத்தும் சேர்ந்த, சந்திகளின் வெப்பநிலை வேறுபாட்டால் மின்னோட்டம் தரும் வெப்ப இரட்டைக்கு மாறி, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான மின்னோட்டம் பெற்றார். 1826இல் அவர் எழுதிய சமன்பாட்டில் பின்னக் கோட்டுக்குக் கீழே கம்பியின் நீளத்தோடு ஒரு மாறிலியும் கூட்டப்பட்டிருந்தது. சுற்றின் மற்ற பாகங்களுக்கான மாறிலி அது. எங்கள் அரை ஓம் அதற்கு உறவு என்று சொன்னதும், பிழையாகப் பார்த்த எண்ணை மாணவர்கள் பெருமையாகக் குறித்துக்கொண்டார்கள். பேட்டரி சோர்ந்துபோகும் தொல்லை எங்களுக்கும் உண்டு. குறைந்த நீளங்களை அளக்கும்போது அளவெடுக்கும் நேரத்துக்கு மட்டும் சாவியைப் போட்டு உடனே எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் கம்பியும் சூடேறுகிறது.

தடிமன் சோதனையில் இப்பெட்டி மிகவும் சிறப்பாக அமைந்திருக்கிறது. 24 கேஜ் கம்பியின் விட்டம் 0.56 மி.மீ., 32 கேஜ் கம்பியின் விட்டம் 0.27 மி.மீ. என்று பள்ளியின் திருகு அளவியில் பார்த்தோம். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலிகிறது என்பதே பலருக்குப் புதிய செய்தி. விட்டம் ஏறத்தாழப் பாதியாகிறது என்பதால் மின்தடை இரண்டு மடங்காகும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், ஆனால் மீட்டருக்கு 4.5 ஓமும் 18.8 ஓமும், அதாவது ஏறத்தாழ நான்கு மடங்கு, வந்தன. மின்தடையைத் தீர்மானிப்பது கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு, அந்தப் பரப்பு விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதை நான் கரும்பலகையில் எழுதும் முன்பே இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். திருகு அளவியைப் பெட்டியோடு கொடுக்காதது குறைதான்.

பெரிய குறை செம்புக் கம்பியில் இருக்கிறது. ஒரு மீட்டர் செம்புக் கம்பியை நேராகப் பேட்டரிப் பெட்டியோடு இணைக்கும்படி வழிகாட்டி கூறுகிறது. 28 கேஜ் செம்புக்கு மீட்டருக்கு 0.15 ஓம் மட்டுமே என்பதால் இது குறுக்குச்சுற்றுக்குச் சமம். வகுப்புக்கு முந்தைய நாள் நான் தனியே இணைத்துப் பார்த்தபோது அம்மீட்டர் முள் எல்லையில் போய் இடித்தது, பேட்டரிகள் கையில் சூடாகத் தெரிந்தன. வாங்குபவர்கள் தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். செம்பையும் அதே கேஜ் நைக்ரோமையும் தொடராக இணைத்தால் இரண்டிலும் ஒரே மின்னோட்டம் செல்லும்; ஒவ்வொன்றின் முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தத்தை ஒப்பிட்டால் போதும். செம்புக்குப் பெட்டியின் வோல்ட்மீட்டர் அசையவில்லை. மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட் நிலையில் வைத்தபோது 41 மில்லிவோல்ட் காட்டியது, நைக்ரோமுக்கு 2.68 வோல்ட். ஏறத்தாழ 65 மடங்கு. வீட்டு வயரிங்குக்குச் செம்பையும் அயர்ன்பாக்ஸ் சூடேற்றிக்கு நைக்ரோமையும் ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று அதற்குப் பிறகு விளக்க வேண்டியிருக்கவில்லை.

வெப்பநிலைக்குப் பெட்டியில் சோதனையே இல்லை. ஒரு டார்ச் பல்பு சேர்த்திருந்தால் அதன் டங்ஸ்டன் இழை சூடாகும்போது மின்தடை கூடுவதைக் காட்டியிருக்கலாம்.

வழிகாட்டியின் கடைசிப் பக்கத்தில் 2, 4, 6, 8, 10 என்று நிரப்பிய மாதிரி அட்டவணை ஒன்று உண்டு. அதைப் பார்த்த ஒரு மாணவன் தான் எடுத்த 2.5ஐ ரப்பரால் அழித்து 2 என்று எழுதியதைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அந்தத் தாளைக் கிழித்து எடுத்துவிட்டுத்தான் இப்போது பெட்டியை மாணவர்களிடம் கொடுக்கிறேன்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொரு செய்தி. மூன்றாம் மாதமே பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பும் கிளிப்புகளில் துருவும் ஏறி, அந்த அரை ஓம் 0.9 ஓமாக உயர்ந்தது. உப்புத்தாளால் தேய்த்ததும் 0.4க்கு இறங்கியது. கடையில் இதைச் சொன்னபோது உரிமையாளர் பொறுமையாகக் கேட்டு, நிக்கல் பூசிய கிளிப்புகள் ஆறினை 60 ரூபாய்க்குத் தந்தார். இப்பெட்டியை வாங்குபவர்கள் அந்தக் கிளிப்புகளையும் ஒரு சாதாரண மல்டிமீட்டரையும் அன்றே சேர்த்து வாங்கிவிடுவது நல்லது.